ஏழுமலையானின் ஸ்காட்லாந்து பக்தர்?

திருமலை மடைப்பள்ளியின் ஒரு பாத்திரம், கிளாஸ்கோவில் பிறந்த ஒரு கம்பெனி அதிகாரியின் பெயரை இன்னமும் சுமக்கிறது

கப்பலில் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குத் தொலைவிலிருந்தே கண்ணில் பட்ட மலை நகரியில் இருக்கிறது. சுமார் 2,800 அடி உயரம். கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்தாலும், வானம் தெளிந்த நாட்களில் மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். சிகரத்தின் வடிவத்தைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர் 'நகரி மூக்கு'.

அந்தக் கப்பல்களில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஊரில் நொடித்துப்போன குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் ஒரு புகலிடம். 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கிய தாமஸ் மன்றோவின் கதையும் அதுதான். அப்பா கிளாஸ்கோ வணிகர். வர்ஜீனியா புகையிலையை நம்பியிருந்த தொழிலை அமெரிக்க சுதந்திரப் போர் கவிழ்த்துவிட, 18 வயதுப் பையன் சாதாரண ராணுவப் பயிற்சியாளனாக வந்து சேர்ந்தான். கவர்னராக உயர்ந்து, இந்த மண்ணிலேயே இறந்தான்.

சென்னை தீவுத்திடல் அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காத சென்னைவாசி இல்லை. 1839இல் வைக்கப்பட்ட சிலை அது. ஆனால் அங்கிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு பஸ் ஏறும் பக்தர்களில் எத்தனை பேருக்கு, போய்ச் சேரும் இடத்திலும் மன்றோ இருக்கிறார் என்பது தெரியும்? நைவேத்தியப் பொங்கலுக்கான பெரிய பாத்திரம் ஒன்றுக்கு அங்கே பெயரே 'மன்றோ கங்காளம்'.

கோயில் வட்டாரத்தில் சொல்லப்படும் கதை இது: மன்றோவுக்குத் தீராத வயிற்றுவலி. பெருமாளை வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். வலி நீங்கியது. நன்றிக்கடனாக, நித்திய நைவேத்தியத்துக்கு ஒரு கிராமத்தின் வருவாயை எழுதிவைத்தார்.

இதை அப்படியே சரித்திரமாக எடுத்துக்கொள்வதில் சிக்கல் உண்டு. கதையின் சில வடிவங்கள் அவரைச் சித்தூர் கலெக்டர் என்கின்றன. 1800 முதல் 1807 வரை மன்றோவின் பொறுப்பில் இருந்தவை நிஜாம் கம்பெனிக்குக் கொடுத்த கடப்பை, பல்லாரி பகுதிகள். திருப்பதியோ ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதியில் இருந்து, 1801இல் கம்பெனி கைக்கு வந்தது. அதற்கு வேறு கலெக்டர். 1820இல் கவர்னரான பிறகுதான் திருப்பதியும் அவர் அதிகாரத்துக்குள் வந்தது. யாத்ரீகர்களின் காணிக்கையில் செலவு போக மிஞ்சியது கம்பெனி கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்படும் வரை இதுதான் நிலை. எடுத்துக்கொண்டுபோன கம்பெனியில் திருப்பிக் கொடுத்த ஒருவரை ஜனங்கள் தனியாக நினைவில் வைத்திருப்பதில் வியப்பில்லை.

கதைகள் இதோடு நிற்கவில்லை. மந்திராலயத்தில் மடத்து நிலம் பற்றி விசாரிக்கப் போனவருக்கு ராகவேந்திரர் பிருந்தாவனத்திலிருந்து எழுந்து வந்து பதில் சொன்னாராம். கடப்பைப் பக்கம் கண்டியில், இரு மலைகளுக்கு நடுவே தொங்கும் பொன் தோரணம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததாம். சாவு நெருங்கிய புண்ணியவான்களுக்கே அது தெரியும் என்பது ஐதீகம்.

வேறு எந்த வெள்ளைக்கார அதிகாரிக்கும் ராயலசீமை இந்த மரியாதையைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. காரணம் பக்தியைவிட நிலவரியில் இருக்கலாம். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் விவசாயியிடமே கணக்குப் பேசும் ரயத்துவாரி முறையை, அலெக்சாண்டர் ரீடின் கீழ் பாராமஹாலில் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்து இங்கே நிலைநிறுத்தியவர் மன்றோ. இன்று நகரிப் பக்கத்து விவசாயி தன் பெயரிலேயே பட்டா கேட்கும் வழக்கத்துக்குப் பின்னால் அந்த ஏற்பாடும் இருக்கிறது.

அதற்காக அவரை மகானாக்க வேண்டியதில்லை. பாளையக்காரர்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கியவர் அவர். விதித்த வரியும் கொடுமையானது. அதைத் தானே உணர்ந்து, 1807இல் கால் பங்கு குறைக்கச் சொல்லிப் பரிந்துரைத்தார். கம்பெனி மறுத்துவிட்டது. தானே கவர்னரான பிறகுதான் அந்தக் குறைப்பு நடந்தது. நடுவில் கழிந்த 13 வருடங்களில் விவசாயி பட்ட பாடு எந்தக் கதையிலும் இல்லை.

கோயில், மதம் விஷயத்தில் மட்டும் அவர் நிலை தெளிவாகவே இருந்தது. பல்லாரியில் ஒரு துணைக் கலெக்டர் கிறிஸ்தவப் பிரசாரத்தில் இறங்கியபோது, அரசு அதிகாரிக்கு அது வேலையல்ல என்று கண்டித்தவர் அவர். நிர்வாகத்தில் இந்தியர்களுக்கு உயர் பதவிகள் தரவேண்டும் என்றும் 1824இல் எழுதிவைத்தார்.

ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பும் முன், பழைய ஜில்லாக்களை ஒருமுறை பார்க்கக் கிளம்பினார். 1827 ஜூலை 6இல் கர்நூல் அருகே பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோனது. கூத்தியில் புதைத்து, பிறகு 1831இல் கோட்டை புனித மேரி தேவாலயத்துக்கு உடலை மாற்றினார்கள். ராயலசீமைக் கிராமங்களில் வெகுகாலம் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைத்தார்கள்.