மலையில் மஞ்சள் கடுதாசி: அன்றும் இன்றும்

காப்பி ஆண்டுக்கு ஒரு முறைதான் காசு தரும். உரம், கவாத்து, களை, கூலி என்று செலவோ பன்னிரண்டு மாதமும் நிற்காது. அதனால் கீழ்ப்பழனி மலையில், பன்றிமலையை அடுத்த ஆடலூர் போன்ற ஊர்களில் கடன் வாங்காமல் தோட்டம் ஓடாது. வாங்கியதை அடைக்க முடியாமல் நொடித்துப்போவதும் புதிதல்ல. நொடித்துப்போனால் எது கையைவிட்டுப் போகும், எது மிஞ்சும் என்ற கணக்குதான் இரண்டு தலைமுறைக்குள் அடியோடு மாறிவிட்டது.

அன்று கடன் கொடுத்தவருக்கு முகம் இருந்தது. அவர் அடிவாரத்து மண்டிக்காரர். அல்லது வட்டிக்குக் கொடுக்கும் உள்ளூர்க்காரர். முன்பணம் தருவார், வாழைத்தாரும் மிளகும் அவர் கடைக்கே இறங்கும். காப்பி மட்டும் அப்படிப் போகாது. 1940-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே போக வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். தவணைக்கும் தவணைக்கும் நடுவே கைமாற்றுதான். 1970-களில் முடிக்கொத்து நோய் மலைவாழையைச் சாய்த்தபோது வருமானத்தின் ஒரு கால் முறிந்தது. கடனுக்கு இருந்த ஆதாரமோ பெரும்பாலும் ஒரு புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஒரு கையெழுத்து, மூன்று ஆண்டு ஆயுள், காலாவதியாகும் முன் புதுப்பிப்பு.

நோட்டுகள் சேர்ந்து கழுத்தை நெரித்தால், போக ஒரு வாசல் இருந்தது: 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். சென்னை நகரத்துக்கு 1909-இல் வந்த தனிச் சட்டம்; மற்ற ஊர்களுக்கெல்லாம் இதுதான். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். ஊர் அதை 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்' என்றது. வக்கீல் வீட்டுப் படி ஏறியவர்கள் 'ஐ.பி. (இன்சால்வன்சி பெட்டிஷன்) போட்டுட்டான்' என்றார்கள்.

ஐ.பி. போட்டால் கடன் அன்றே மறைந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்ததும் அவருடைய சொத்து, அது அமர்த்தும் ரிசீவர் கைக்குப் போகும். ரிசீவர் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு பிரிப்பார். அதன் பிறகு விடுவிப்புக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். குறித்த காலத்தில் செய்யாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். மோசடியால் வந்த கடனும் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியும் விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும். கடைசி நேரத்தில் மனைவி பேருக்கும் மச்சான் பேருக்கும் எழுதிவைத்தால், இரண்டு ஆண்டுக்குள் நடந்த அத்தகைய மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்க முடியும்.

எல்லாம் போய்விடாது என்பதும் உண்மை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், சமய வழக்கப்படி ஒரு பெண் பிரிய முடியாத தாலி, உழவுக் கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைத் தானியம், விவசாயி குடியிருக்கும் வீடு ஆகியவை ஜப்திக்கு அப்பாற்பட்டவை; ரிசீவரும் தொட முடியாது. மகனின் பங்குக்கு மட்டும் அன்று இந்தக் காப்பு இல்லை. தகப்பன் வாங்கியது ஒழுக்கக்கேடான காரியத்துக்கான கடனாக இல்லாவிட்டால், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கையும் விற்கலாம் என்பது பழைய இந்துச் சட்டம். 2005-ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தம் அந்தக் கட்டை அவிழ்த்தது. அதற்குப் பின் தகப்பன் வாங்கிய கடனுக்கு 'பிள்ளையின் கடமை' என்று மட்டும் சொல்லி மகனைப் பிடிக்க முடியாது. தகப்பன் விட்டுச்சென்ற சொத்து வரைக்கும் பொறுப்பு உண்டு. அதற்கு மேல் இல்லை.

சிறையும் அப்படியே. நீதிமன்ற டிக்ரிப்படியான பணத்தைக் கட்டாதவரை சிவில் சிறையில் அடைக்கும் வழி இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், வெறும் ஏழ்மைக்காக ஒருவரை அடைக்கக் கூடாது, வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுவது தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவும் கடனாளிக்குச் சாதகமான மாற்றம். இருந்தும் மஞ்சள் கடுதாசியின் பலம் குறைந்துபோனது, கடனே வேறு உருவம் எடுத்துக்கொண்டதால். இன்றைய கடன் கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன், வங்கியில் பத்திரம் வைத்த கடன், ஜீப்புக்கு ஃபைனான்ஸ், மகளிர் குழுக் கடன், செல்பேசி ஆப். பெரிய தொகைகளுக்கெல்லாம் ஏதோ ஒன்று பிணையாகப் போய்விட்டது. 1920 சட்டம் பிணை வைத்திருப்பவரின் உரிமையில் கை வைப்பதில்லை. ஐ.பி. போட்டாலும் நகை ஏலத்துக்குப் போகும். ஜீப்பை எடுத்துப் போவார்கள். ஜாமீன் போட்டவரையும் கூட்டாகக் கையெழுத்திட்டவரையும் அந்த விடுவிப்பு காப்பாற்றாது. குழுக் கடனில் ஒருத்தி நொடித்தால் சுமை மற்றவர்கள் தலையில் இறங்கும்.

அடமான நிலத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வங்கிகள் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வழிசெய்த 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஆவணத்தில் 'விவசாயம்' என்றிருந்தால் மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு விருந்தினர் விடுதி கட்டக் கடன் வாங்குகிறவர், அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துப் பிடுங்குகிறார்.

பேச்சுவார்த்தையும் மாறியது. மண்டிக்காரருக்கு அடுத்த ஆண்டு விளைச்சல் வேண்டும்; அதனால் பாதியை வாங்கிக்கொண்டு நோட்டைக் கிழிக்கவும் செய்வார். இன்று அந்த இடத்தில் வங்கியின் ஒருமுறைத் தீர்வும் லோக் அதாலத்தும் இருக்கின்றன. கடன் முடியும், ஆனால் 'குறைத்துத் தீர்த்தவர்' என்ற பதிவு கடன் வரலாறு காட்டும் சிபில் அறிக்கையில் பல ஆண்டு நிற்கும்.

2016-இல் வந்த திவால் சட்டத் தொகுப்பில் தனிநபருக்கும் ஒரு பகுதி உண்டு. 2019 டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். சாதாரணக் கடனாளிக்கு இன்னும் 1920-தான். 2016 தொகுப்பின் அந்தப் பகுதியில் ஏழைகளுக்கென்று 'புதிய தொடக்கம்' என ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது: ஆண்டு வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடும் இருக்கக் கூடாது. ஆடலூரில் இரண்டு ஏக்கர் காப்பியும் ஓட்டு வீடும் உள்ளவர், சட்டம் நாளையே விழித்தாலும் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. 500 ரூபாய்க் கடனுக்கே கதவு திறக்கும் பழைய சட்டம் அவரைக் கேட்கவாவது செய்கிறது; ஆனால் பிணைக் கடனை அது தொடாது. அதனால் இன்று மலையில் நொடித்துப்போகிறவர் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, 'ஐ.பி. போடலாமா?' என்பதல்ல, 'என் கடனில் பிணை இல்லாதது எவ்வளவு?' என்பது. அந்தத் தொகை சிறிதென்றால், மஞ்சள் கடுதாசிக்கு ஆகும் செலவை ஒருமுறைத் தீர்வுக்குக் கட்டுவதே மேல்.