ஆள் ரெண்டு... ஆர்ட்டிஸ்ட் ஒண்ணு!

ஒரு மேசை. அதன் மேல் கோட், சூட், டையோடு ரெண்டு பேர். முகத்திலும் கையிலும் பளபளவென உலோகப் பெயின்ட். ஒருத்தர் கையில் கைத்தடி, இன்னொருத்தர் கையில் கையுறை. கீழே டேப் ரெக்கார்டரில் ஒரு பழைய பாட்டு ஓட, சாவி கொடுத்த பொம்மை மாதிரி மெள்ள மெள்ளத் திரும்புகிறார்கள். பாட்டு முடிந்ததா? ஒருத்தர் இறங்கி டேப்பை மறுபடி ஓடவிட்டு, திரும்பவும் மேலே! ஒரு மணி, ரெண்டு மணி இல்லை பாஸ்... சில நாள் எட்டு மணி நேரம்!

லண்டன், நியூயார்க், சிட்னி என்று 1970-களின் தொடக்கத்தில் ஊர் ஊராக வாய்பிளக்க வைத்த 'பாடும் சிற்பம்' இதுதான். சிற்பங்களின் பெயர், கில்பர்ட் - ஜார்ஜ். ஆணும் ஆணுமாக ஒரு காதல் ஜோடி!

கில்பர்ட், இத்தாலியின் மலைப் பகுதிக்காரர். ஜார்ஜ், இங்கிலாந்தின் டெவன் பக்கம். 1967 செப்டம்பரில், லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படிக்கும்போது அறிமுகம். கில்பர்ட்டின் அரைகுறை இங்கிலீஷ் ஜார்ஜுக்கு மட்டும்தான் புரிந்ததாம்!

படிப்பு முடிந்ததும் ஃபைனல் இயர் பசங்க எல்லோருக்கும் வரும் அதே கேள்வி... 'அடுத்து என்ன?' ஸ்டுடியோ கிடையாது. பொருள் வாங்கக் காசு கிடையாது. மிச்சம் இருந்தது அவங்க ரெண்டு பேர்தான். சரி, நாமே சிற்பமாகிவிடுவோம் என்று இறங்கிவிட்டார்கள். குடும்பப் பெயரைக்கூடக் கழற்றிவிட்டு, நடப்பது, சாப்பிடுவது, குடிப்பது எல்லாமே கலை என்றார்கள். 'ஆள் ரெண்டு, கலைஞன் ஒருத்தன்' என்பதுதான் இன்றுவரை அவர்களின் விசிட்டிங் கார்டு.

விளையாட்டு மாதிரி தெரிகிறதா? காலத்தைப் பாருங்கள். 1967 ஜூலை வரை இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது ஜெயிலுக்கு அனுப்பும் குற்றம். அப்போது வந்த புதுச் சட்டமும், '21 வயசு ஆகியிருக்கணும், நாலு சுவருக்குள்ளேயே வெச்சுக்கணும்' என்றுதான் சொன்னது. அந்தச் சமயத்தில்தான் இவர்கள் மேசை மேல் ஏறி, ஊர் பார்க்க ஒன்றாக நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஆபீஸ் போகும் ஆசாமி மாதிரி நறுவிசான சூட்! ஆனால், ஒலித்ததோ பாலத்து வளைவுக்கு அடியில் படுத்துத் தூங்கும், வீடில்லாத மனிதர்களின் பாட்டு.

அப்புறம் தங்களையே வைத்துச் சுவர் முழுக்கப் பிரமாண்டமான புகைப்பட ஓவியங்கள் செய்தார்கள். 1986-ல் டர்னர் விருது. 2005-ல் வெனிஸ் கலை விழாவில் பிரிட்டன் சார்பில் கண்காட்சி. கிழக்கு லண்டன் ஃபோர்னியர் தெருவில் வீடு. அதில் சமையல் கிடையாது, சாப்பாடு எப்பவும் ஓட்டலில்தான்!

இத்தனைக்குப் பிறகும் 2008-ல், கல்யாணத்துக்கு இணையான பதிவு ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஒருத்தர் போய்விட்டால், இன்னொருத்தர் சட்டச் சிக்கலில் தவிக்கக் கூடாதே! 41 வருஷம் ஒன்றாகவே இருந்தவர்களுக்கும் அந்த ஒரு காகிதம் தேவைப்பட்டது.

2023-ல் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஓர் ஓவியக்கூடம் திறந்தார்கள். அனுமதி இலவசம். 'எல்லோருக்கும் கலை' என்பதுதானே அவர்களின் கொள்கை!

'நாலு சுவருக்குள்ளே இருங்க' என்றது சட்டம். இவர்கள் தங்களையே சுவரில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்!