ஸ்பீடோமீட்டர் ஓடலையா? "மீட்டரையே மாத்தணும்"னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க!



அப்பா ஓட்டின கார் இப்போ உங்க கைக்கு வந்திருக்கும். இல்லன்னா முதல் ரெண்டு மூணு வருஷ சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருப்பீங்க. இன்ஜின் ஓகே, ஏசி ஓகே. ஆனா ஸ்பீடோமீட்டர் முள்ளு மட்டும் ஜீரோல படுத்திருக்கு, இல்லன்னா 40-க்கும் 60-க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கு. "ஆழ்வார்பேட்டை டிராஃபிக்ல, அதுவும் மெட்ரோ வேலை நடக்கற நேரத்துல, 30-க்கு மேல எங்க போகப் போறோம்?"னு தள்ளிப் போட்டுடறோம்.

இதுல ரெண்டு விதமா காசு போகுது. சரி பண்ணாம விட்டா ஒரு செலவு. அவசரப்பட்டுத் தப்பான பார்ட்டை மாத்தினா இன்னொரு செலவு. ரெண்டையும் எப்படித் தவிர்க்கறதுன்னு இந்தக் கட்டுரையில பார்ப்போம்.

சரி பண்ணாம விட்டா என்ன நஷ்டம்?

பெரும்பாலான கார்கள்ல ஸ்பீடோமீட்டருக்கும் ஓடோமீட்டருக்கும் தகவல் வர்ற வழி ஒண்ணுதான். அந்த வழி அடைபட்டா வேகம் மட்டும் இல்ல, கிலோமீட்டர் கணக்கும் நின்னுடும்.

ஒரு கணக்கு போடுவோம். ஆழ்வார்பேட்டையில இருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கு ஒரு வழி சுமார் 18 கி.மீ. போக வர 36. மாசம் 22 நாள்னா 792 கி.மீ. ஆறு மாசத்துல 4,752 கி.மீ. மீட்டர்ல ஏறாமலே வண்டி ஓடியிருக்கும். ஆயில் சர்வீஸ் எப்பன்னு தெரியாது. டைமிங் பெல்ட் இருக்கற கார்னா அதை எப்ப மாத்தணும்னும் தெரியாது. பெல்ட் அறுந்தா பல இன்ஜின்கள்ல வால்வு வரைக்கும் அடிவாங்கும். அந்த பில்லு முன்னாடி ஸ்பீடோமீட்டர் செலவு தூசி.

இன்சூரன்ஸும் இருக்கு. 2022 ஜூலையில ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்த பிறகு, ஓட்டற தூரத்துக்கு ஏத்த பிரீமியம் கட்டற ஆட்-ஆன் வந்திருக்கு. பல பாலிசிகள்ல ஓடோமீட்டர் ரீடிங்தான் அதுக்கு ஆதாரம். உங்களோடது அந்த மாதிரி பாலிசின்னா, மீட்டர் நின்ன உடனே கம்பெனிக்கு மெயில்ல தெரிவிச்சிடுங்க. கிளெய்ம் நேரத்துல விளக்கம் சொல்றதைவிட அது ஈஸி.

அப்புறம் ஃபைன். சென்னையில 2023 நவம்பர்ல இருந்து காருக்கு 60 கி.மீ., குடியிருப்புத் தெருக்கள்ல 30 கி.மீ.தான் வேக வரம்பு. மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுப்படி காருக்கு அபராதம் 1,000-ல இருந்து 2,000 ரூபாய் வரைக்கும். "மீட்டர் ஓடலை சார்"னு கேமரா கிட்ட சொல்ல முடியாது.

முதல்ல ஒரு சந்தேகம்: மீட்டர் நிஜமாவே தப்பா காட்டுதா?

ஃபோன்ல ஜிபிஎஸ் 55 காட்டுது, கார்ல 60 காட்டுது. உடனே மெக்கானிக் கிட்ட ஓட வேண்டாம். ஐ.நா.வோட 39-வது வாகன விதிமுறைப்படி, ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாது. கூட காட்டலாம், நிஜ வேகத்துல 10 சதவீதமும் அதோட ஒரு 4 கி.மீ.யும் வரைக்கும். அதாவது நிஜமா 55-ல போனா மீட்டர் 64 காட்டினாலும் அந்த வரம்புக்குள்ளதான். குறைச்சுக் காட்டினாதான் கவலைப்படணும். கம்பெனி சைஸைவிடப் பெரிய டயர் போட்டிருந்தா அப்படி ஆகும். முதல்ல டயர் சைஸைப் பாருங்க.

இந்த டெஸ்ட்டை டிடிகே சாலையில பீக் அவர்ல பண்ணாதீங்க. அதிகாலையில காலியா இருக்கற நேரான ரோட்டுல, பக்கத்துல ஒருத்தரை உட்கார வச்சு, ஃபோனை அவர் கையில கொடுத்துப் பாருங்க.

கேபிள் மீட்டரா இருந்தா

மாருதி 800, அம்பாசடர், பத்மினி மாதிரி பழைய வண்டிகள்ல கியர்பாக்ஸ்ல இருந்து மீட்டர் வரைக்கும் ஒரு கேபிள் ஓடும். கேபிள் சுத்தினா மீட்டருக்குள்ள ஒரு காந்தம் சுத்தும். அது பக்கத்துல இருக்கற அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தோட சேர்ந்த முள்ளு நகரும். ஜெர்மனியில ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல காப்புரிமை வாங்கின டெக்னிக் இது. இதுல அறிகுறியை வச்சே பாதி முடிவுக்கு வந்துடலாம்:

• முள்ளும் ஓடலை, கிலோமீட்டரும் ஏறலை: கேபிள் அறுந்திருக்கலாம், இல்லன்னா கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் தேஞ்சிருக்கலாம்.
• முள்ளு ஆடுது, 'கிர்ர்'னு சத்தம் வருது: கேபிள் காஞ்சிருக்கு, இல்லன்னா எங்கயோ மடங்கியிருக்கு.
• கிலோமீட்டர் ஏறுது, முள்ளு மட்டும் ஓடலை: கேபிள் நல்லா இருக்கு. கோளாறு மீட்டருக்குள்ள.
• முள்ளு ஓடுது, கிலோமீட்டர் ஏறலை: இதுவும் மீட்டருக்குள்ளதான். ஓடோமீட்டர் பல்சக்கரம் போயிருக்கும்.

உறுதி பண்ணணும்னா, மீட்டர் பின்னாடி கேபிளைக் கழட்டிட்டு, ஷெட்ல முன் சக்கரத்தைத் தூக்கிச் சுத்தச் சொல்லுங்க (அம்பாசடர், பத்மினின்னா பின் சக்கரம்). உள்கம்பி சுத்தினா கேபிள் ஓகே. கிரீஸ் போடும்போது மேல் முனையில சில அங்குலம் விட்டுடணும். இல்லன்னா அது மீட்டருக்குள்ள ஏறி அதையும் கெடுத்துடும். புது கேபிள் சில மாசத்துலயே அறுந்தா திரும்பத் திரும்ப கேபிள் வாங்காதீங்க. அது போற வழியில மடிப்பு இருக்கா, மீட்டர் இறுகிப் போயிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

சென்சார் மீட்டரா இருந்தா

இப்போ செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கற பெரும்பாலான கார்கள் இந்த வகை. கியர்பாக்ஸ்லயோ சக்கரத்துலயோ இருக்கற சென்சார் சிக்னல் அனுப்பும். கம்ப்யூட்டர் அதைப் படிச்சு மீட்டருக்குச் சொல்லும். இந்த வரிசையில போங்க, கம்மி செலவுல இருந்து அதிக செலவுக்கு:

1. ஃபியூஸ். பெட்ரோல் முள்ளு, டெம்பரேச்சர் எல்லாமே செத்திருக்கா? அப்போ ஃபியூஸ், எர்த் வயரைப் பாருங்க. ஸ்பீடு மட்டும் ஓடலைன்னா அடுத்த படி.

2. ஸ்கேன். வண்டியை ஓட்டிக்கிட்டே ஸ்கேனர்ல லைவ் டேட்டா பார்க்கச் சொல்லுங்க. ஸ்கேனர்ல வேகம் சரியா வருது, மீட்டர்ல வரலைன்னா, கோளாறு மீட்டர்ல இல்லன்னா அதுக்குப் போற வயர்ல. ஸ்கேனர்லயும் ஜீரோன்னா சென்சார் பக்கம். பி0500-னு கோடு வந்தாலும் அங்கதான் தேடணும். ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா சக்கர சென்சாரைப் பார்க்கணும்.

3. கனெக்டர். 2015 டிசம்பர் வெள்ளத்துலயோ 2023 மிக்ஜாம் புயல்லயோ தண்ணியில நின்ன வண்டியா? கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. பச்சையா பூத்திருந்தா சுத்தம் பண்ணினாலே வேலை முடிஞ்சிடலாம்.

4. சென்சார். மேல சொன்னது எல்லாம் ஓகேன்னா மட்டும் மாத்துங்க.

5. மீட்டர் கிளஸ்டர். இதுதான் கடைசி. அதுலயும் முதல்ல ரிப்பேர் ஆகுமான்னு கேளுங்க. சால்டரிங் விட்டுப் போனதையும், முள்ளை நகர்த்தற குட்டி மோட்டாரையும் மீட்டர் மெக்கானிக்குகள் சரி பண்ணுவாங்க.

கேபிள், ஃபியூஸ், கனெக்டர் வேலை எல்லாம் பொதுவா நூறுகள்ல முடியற செலவு. புது கிளஸ்டர் ஆயிரங்கள்ல போகும். அதனால மெக்கானிக் கிட்ட ஒரே ஒரு கேள்வி: "அண்ணா, எதை செக் பண்ணிட்டு மீட்டர்தான்னு முடிவு பண்ணீங்க?" வேலை தெரிஞ்சவர் சந்தோஷமா காட்டுவார். "அனுபவத்துல சொல்றேன்"னு மட்டும் பதில் வந்தா இன்னொரு ஷெட்ல காட்டுங்க. செக் பண்றதுக்குத் தனியா காசு கேட்டாலும் கொடுங்க. தப்பான பார்ட்டுக்குக் கொடுக்கறதைவிட அது கம்மிதான்.

கிளஸ்டர் மாத்தியே ஆகணும்னா

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல புதுசும், புதுப்பேட்டையில பழசும் தேடலாம். எங்க வாங்கினாலும் பில்லு கண்டிப்பா வேணும். பழைய கிளஸ்டர்ல வேற யாரோட கிலோமீட்டரோ இருக்கும். புதுசுல ஜீரோ. கழட்டறதுக்கு முன்னாடி பழைய ரீடிங்கை ஃபோட்டோ எடுங்க. மாத்தின தேதி, பழைய ரீடிங், புது ரீடிங் மூணையும் பில்லுல எழுதி வாங்குங்க. நாளைக்கு வண்டியை விக்கும்போது "மீட்டரைக் குறைச்சிட்டாங்க"ன்னு யாரும் சொல்ல முடியாது.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு

"மீட்டர் மட்டும் சின்ன வேலை இருக்கு சார்"னு சொன்னா, அந்த கார்ல எழுதியிருக்கற கிலோமீட்டரை நம்பி விலை பேசாதீங்க. எப்போ நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. சர்வீஸ் பில்லுகள்ல இருக்கற ரீடிங்கைத் தேதியோட அடுக்கிப் பாருங்க. டெஸ்ட் டிரைவ்ல குறைஞ்சது 2 கி.மீ. ஓட்டி, நம்பர் ஏறுதான்னு பாருங்க. 15 வருஷத்தை நெருங்கற கார்னா ஆர்சி ரினியூவலையும் கணக்குல சேருங்க. 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. அதுக்கு வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்கும் காட்டணும்.

மீட்டர் சரியாகற வரைக்கும் ஃபோனை ஸ்டாண்ட்ல மாட்டி ஜிபிஎஸ் வேகத்தைப் பாருங்க. ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் தேதி, லிட்டர், ஓட்டின தூரம் மூணையும் ஃபோன்ல குறிச்சு வைங்க. அடுத்த சர்வீஸ் எப்பன்னு அந்தக் குறிப்பை வச்சே சொல்லிடலாம்.

உங்க வண்டியில என்ன அறிகுறி, கடைசியில எது கோளாறா இருந்துச்சு, எவ்வளவு செலவாச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க. அதே மாடல் வச்சிருக்கற இன்னொருத்தருக்கு அது சில ஆயிரங்களை மிச்சம் பண்ணும்.