வால்வுக்கும் வேண்டும் இடைவெளி

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு ‘மாடல் டி’ காரின் எஞ்சின் வலுவிழந்துவிட்டதா? இக்னிஷனை அணைத்துவிட்டு, முன்புறக் கைப்பிடியை நண்பர் மெல்லச் சுழற்றட்டும். நீங்கள் காது கொடுங்கள். புகைக்குழாயில் ‘உஸ்’ஸென்றால் வெளியேற்று வால்வு கசிகிறது, கார்புரேட்டரில் கேட்டால் உள்ளிழு வால்வு.

வால்வைக் கழற்றித் தேய்ப்புப் பசை தடவி, அதன் இருக்கையிலேயே இப்படியும் அப்படியும் திருகித் தேய்த்தால் கசிவு அடங்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேயத் தேய வால்வு கீழிறங்கும். அதன் காம்புக்கும் அடியிலுள்ள தள்ளுகோலுக்கும் நடுவே இருக்கவேண்டிய சுமார் 0.4 மி.மீ. இடைவெளி குறுகும். அதனால் என்ன என்கிறீர்களா? 10 செ.மீ. எஃகுக் காம்பின் வெப்பநிலை 300 செல்சியஸ் பாகை உயர்ந்தால் அது ஏறக்குறைய 0.36 மி.மீ. நீளும்! இடமில்லாத வால்வு முழுதும் மூடாமல் நின்று, கனல் வாயு பட்டுக் கருகும். இந்த எஞ்சினில் சரிசெய்யத் திருகு கிடையாது. காம்பின் நுனியை அரத்தால் சிறிது சிறிதாக ராவிக் குறைக்க வேண்டியதுதான்.