நீரிழிவு ஆய்வுக்கான விலங்கு மாதிரிகள்

நீரிழிவு ஆய்வுக்கான விலங்கு மாதிரி என்பது மனிதரின் நீரிழிவை ஒத்த நிலை இயல்பாகவோ செயற்கையாகவோ ஏற்பட்ட ஆய்வக விலங்காகும். கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு வருவதை மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் 1889இல் கண்டனர். இன்று பெரும்பாலும் எலிகளும் சுண்டெலிகளுமே பயன்படுகின்றன.

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்தினால், எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து, சில நாட்களில் இரத்தச் சர்க்கரை உயரும். எளிய முறை என்பதால் பொருந்தாத இடத்திலும் இது கையாளப்படுவதுண்டு. கிளிபென்கிளமைடு போன்ற மருந்து பீட்டா செல்களைத் தூண்டியே இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. அச்செல்கள் முற்றிலும் அழிந்த எலியில் சோதித்தால் நல்ல மருந்தும் பயனற்றதாகத் தோன்றும்.

இரண்டாம் வகை நீரிழிவுக்கு, உடல் பருத்த டிபி/டிபி சுண்டெலி நெருக்கமானது. ஆனால் அதன் நோய்க்கு லெப்டின் ஏற்பியின் மரபணுவில் உள்ள ஒரே மாற்றம் காரணம். மனிதரில் பல மரபணுக்களோடு உணவும் வாழ்க்கைமுறையும் சேர்கின்றன. முதல் வகைக்குப் பயன்படும் நாட் சுண்டெலியில் பெண் விலங்குகளுக்கே நோய் அதிகம் வருகிறது. எனவே ஆண், பெண் எண்ணிக்கையைக் கவனிக்காமல் குழு பிரித்தால் முடிவு பிழையாகும்.