நூற்பாலைப் பெண்களின் தொழில்சார் நோய்களும் காயங்களும்

பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் செவித்திறன் குறைதல், எந்திரக் காயங்கள் ஆகியவை நூற்பாலைப் பெண் தொழிலாளர்களைத் தாக்கும் முக்கியமான பாதிப்புகள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் நூற்பாலைகள் மிகுதி. புதுக்கோட்டை, சிவகங்கை போன்ற மழை குறைந்த மாவட்டங்களின் இளம்பெண்களும் அங்கு சென்று ஆலை விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர்.

பஞ்சுத்தூசி நோய்

மருத்துவத்தில் இது பிசினோசிஸ் எனப்படும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் பகுதிகளில் தூசி அதிகம். தூசியிலுள்ள பாக்டீரிய நச்சுகள் மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுக்கமும் இருமலும் தோன்றும். அடுத்த நாள்களில் குறையும். 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்ற பெயர் இதனால் வந்தது. வார விடுமுறை மாறி மாறி வரும் ஆலைகளில் அந்த நாள் எந்தக் கிழமையாகவும் இருக்கலாம்.

தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகினால் குணமடையலாம். பல ஆண்டுகள் நீடித்தால் நுரையீரலின் திறன் நிரந்தரமாகக் குறையும். எக்ஸ்ரே படத்தில் இதற்கெனத் தனி அடையாளம் இல்லை. ஆகவே, "என்ன வேலை செய்கிறீர்கள்? எந்த நாளில் மூச்சு முட்டுகிறது?" என்று மருத்துவர் கேட்காவிட்டால் இது சாதாரண ஆஸ்துமாவாகவே பதிவாகும்.

பிற பாதிப்புகள்

ஸ்பின்னிங் பகுதியில் அறுந்த நூலை இணைக்கும் பெண்கள் ஷிப்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கின்றனர். கால் நரம்புச் சுருளும் மூட்டு, இடுப்பு வலியும் இதனால் வருகின்றன. ஓடும் எந்திரத்தில் விரலோ, பின்னலோ, துப்பட்டாவோ சிக்குவது பெரிய ஆபத்து. ஓடும் முதன்மை எந்திரங்களைச் சுத்தம் செய்யப் பெண்களை அமர்த்தக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது.

மறைக்கப்படும் நோய்

சுமங்கலித் திட்டம் எனப்பட்ட முறையில், சுமார் 3 ஆண்டுகள் முடித்தால்தான் மொத்தத் தொகை கிடைக்கும். இடையில் நின்றால் அது கைவிட்டுப் போகும் என்று பலர் நோயை வெளியில் சொல்வதில்லை. ஊர் திரும்பிய பின் நோய் முற்றினால் அதற்கு வேலைதான் காரணம் என்று நிறுவுவது கடினம்.

இழப்பீடும் தடுப்பும்

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பிசினோசிஸ் இடம்பெற்றது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் சாதாரண நோய்க்குச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். வேலையால் வந்த பாதிப்பு என ஏற்கப்பட்டால், தற்காலிக இயலாமைக் காலத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். மருத்துவச் சீட்டில் வேலை விவரம் எழுதப்படுவது ஆகவே மிக அவசியம்.

தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுவதே சிறந்த தடுப்பு முறை. முகக்கவசம் அதற்கு அடுத்த காப்புதான். வேலையில் சேரும்போதும் அதன் பின் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் மூச்சுத்திறன் சோதனை செய்தால் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியலாம்.