“யோசனையே சொல்ல மாட்டேங்கறாரே!”

“ஒரு மணி நேரம் நானேதான் பேசினேன். அவர் ‘உம்’ கொட்டிக்கிட்டு இருந்தார். இதைச் செய், அதைச் செய்யாதேன்னு ஒரு யோசனைகூடச் சொல்லலை. இதுக்கு எதுக்குக் காசு?”

கவுன்சலிங் போய்விட்டு வருகிற பலருக்கும் முதல் இரண்டு, மூன்று தடவை இப்படித்தான் தோன்றும். நம் பழக்கம் அப்படி. காய்ச்சல் என்று போனால் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், மருந்துச் சீட்டு எழுதுவார். மனசு சரியில்லை என்று போகும்போதும் அதே மாதிரி ஒரு சீட்டை எதிர்பார்க்கிறோம். ஆனால், சீட்டே இல்லாத ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. அதில் உங்களுக்கும் தெரபிஸ்ட்டுக்கும் நடுவே உருவாகிற உறவுதான் மருந்து! ‘நபர் மைய சிகிச்சை’ என்று அதற்குப் பெயர்.

இதை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). ஆரம்பத்தில் அவரும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்தான்!

வாசல்வரை போன அம்மா

நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான மையத்தில் ரோஜர்ஸ் வேலை பார்த்த காலம். அடங்காத பையனைப் பற்றிப் பேச ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா பையனை ஒதுக்குவதுதான் பிரச்னைக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் கணித்துவிட்டார். அதைப் புரியவைக்க எவ்வளவோ முயன்றும் பலனில்லை. கடைசியில், ‘சரி, இத்தோடு விட்டுவிடலாம்’ என்று இருவருமே முடிவுக்கு வந்தார்கள்.

வாசல்வரை போன அந்த அம்மா திரும்பினார். பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்து, கணவரோடு உள்ள கசப்பை, தன் தோல்வி உணர்வைக் கொட்ட ஆரம்பித்தார். அதுவரை சொன்ன கதை வேறு, இது வேறு. உண்மையான சிகிச்சையே அன்றுதான் தொடங்கியது, நல்லபடியாகவும் முடிந்தது. எங்கே வலிக்கிறது என்பது வலிக்கிறவருக்குத்தான் தெரியும், அவர் போகிற வழியில் கூடப் போவதுதான் தன் வேலை என்று ரோஜர்ஸ் புரிந்துகொண்டார். ‘நோயாளி’ என்று சொல்லாமல் ‘கிளையன்ட்’ என்று அவர் சொன்னதும் இதனால்தான்.

மூன்று குணங்கள்

தெரபிஸ்ட்டிடம் மூன்று குணங்கள் வேண்டும் என்று 1957-ல் ஒரு கட்டுரையில் எழுதினார் ரோஜர்ஸ்.

ஒன்று, உண்மை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வேஷம் போடக் கூடாது.

இரண்டு, நிபந்தனையில்லாத மதிப்பு. நீங்கள் கோபக்காரரோ, தப்பு செய்தவரோ... ‘இப்படி இருந்தால்தான் மதிப்பேன்’ என்ற கணக்கு கூடாது. செய்ததெல்லாம் சரி என்று தலையாட்டுவதல்ல இது. உங்களை மனுஷியாக, மனுஷனாக ஏற்றுக்கொள்வது.

மூன்று, உங்கள் இடத்தில் நின்று பார்ப்பது.

மூன்றாவது எப்படி இருக்கும்? ஓர் உதாரணம். “மாமியார் ஏதாவது சொன்னா எனக்கு ஆத்திரமா வருது. ராத்திரி படுத்தா, நான்தான் மோசமானவளோன்னு தோணுது” என்கிறாள் ஒரு பெண். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்று நாம் எல்லாரும் சொல்லிவிடுவோம். தெரபிஸ்ட் சொல்வது வேறு: “கோபமும் வருது, கோபப்பட்டதுக்காக உங்களை நீங்களே திட்டிக்கறீங்க... அப்படித்தானே?”

அவள் யோசிக்கிறாள். “திட்டிக்கறது இல்லீங்க... பயம். எங்கம்மா மாதிரி ஆயிடுவேனோன்னு.”

கவனித்தீர்களா? தெரபிஸ்ட் சொன்னது முழுக்கச் சரியில்லை. அவள் திருத்தினாள். அவரும் ஏற்றுக்கொள்வார். யாரிடமும் சொல்லாத பயம் இப்படித்தான் வெளியே வருகிறது. வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசப் பயப்படுகிறவர், ‘அப்படி இல்லை, இப்படி’ என்று ஓரிடத்தில் தைரியமாகச் சொல்லிப் பழகுவதே பாதி சிகிச்சை!

‘இதை என் சிநேகிதியிடமே பேசலாமே?’ தாராளமாகப் பேசலாம். ஆனால், அவளுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். அடுத்த முறை நீங்கள் கேட்க வேண்டும். வீட்டாருக்கோ, நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் அதில் லாப நஷ்டம் உண்டு. தெரபிஸ்ட்டின் அறையில் அந்த நேரம் முழுக்க உங்களுடையது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகள் தவிர, பேசியது வெளியே போகக் கூடாது. கடன் கொடுப்பது, வாங்குவது, காதல்... எதற்கும் அங்கே இடமில்லை. எல்லை மீறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு உறைக்கிறதா?

அதே கட்டுரையில் ரோஜர்ஸ் வைத்த இன்னொரு நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தெரபிஸ்ட் மதித்தால் மட்டும் போதாது. அந்த மதிப்பு ஓரளவாவது உங்களுக்கு உறைக்க வேண்டும். அதனால், சில சந்திப்புகள் ஆனபின் உங்களையே கேட்டுப் பாருங்கள்:

* வெட்கப்படுகிற விஷயத்தை இவரிடம் சொல்ல முடிகிறதா?
* ‘நீங்க சொன்னது தப்பு’ என்று சொன்னால் கோபிக்காமல் கேட்கிறாரா?
* வெளியே வரும்போது குட்டு வாங்கிய பிள்ளை மாதிரி இருக்கிறதா, மனசு லேசாக இருக்கிறதா?

சரிப்படவில்லை என்றால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். “நீங்க எதுவும் சொல்லாதது எனக்குக் கஷ்டமா இருக்கு” என்று அவரிடமே சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் அதையும் காது கொடுத்துக் கேட்பார். அப்படியும் ஒத்துவரவில்லையா? வேறொருவரைப் பாருங்கள். இதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

ஒன்று முக்கியம். காதில் குரல் கேட்பது, பல நாள் தூக்கமில்லாமல் தலைகால் புரியாத உற்சாகம், எழவே முடியாத கடுமையான மனச்சோர்வு... இவற்றுக்குப் பேச்சு மட்டும் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அடுத்த முறை, ‘ஒண்ணுமே சொல்லலையே’ என்று அலுத்துக்கொள்ளும் முன், அந்த அறையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தால், சிகிச்சை தொடங்கிவிட்டது!